ரூபாயோடு ரோமில்

ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது. நல்லவேளை, ரோமில் தண்ணீருக்குக் காசில்லை. தெருமுனைகளில் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளையில் நீர் பீய்ச்சும், குனிந்து குடிக்கலாம். நான் முதலில் சட்டையைத்தான் நனைத்துக்கொண்டேன்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் பெரும்பாலும் விலை ஏறும். கொலோசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். வரிசை நீளும், சீக்கிரம் போய்விடுங்கள்.

அப்புறம், ஏடிஎம் திரையில் ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விலை அநியாயம். ஒருமுறை தலையாட்டிவிட்டு, இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசை விட்டேன்.