பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) சூடாகிறதா?

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரை ஸ்டார்ட் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மோட்டாரைக் குளிரவைத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும் மெல்லிய தண்ணீர்தான். (சில ரொம்பப் பழைய மாடல்களில் அது இருக்காது.) தண்ணீர் வரவில்லையா? உடனே அணைத்துவிடுங்கள். தண்ணீர் பம்ப் போய்விட்டது என்று பதறி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். அந்தச் சின்னத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். மணல், உப்பு, சில சமயம் குளவி கட்டிய மண்கூடு உதிரும். எனக்கு ஒருமுறை குளவிதான். நாள் முழுக்க பம்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் வரவில்லை என்றால் அடிப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரம்) பாருங்கள். அதன் ரப்பர் இறக்கைகள் ஒரே பக்கம் வளைந்து விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். தண்ணீரில்லாமல் சில விநாடி ஓட்டினாலே அது கருகத் தொடங்கும். கரையில் சோதிக்க வேண்டுமானால், தண்ணீர் எடுக்கும் துளை மூழ்கும் அளவுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள்.

அப்புறம், கியர் ஆயில். கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. புது ஆயிலை மேலிருந்து ஊற்றாமல், கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள். மேல் துளையில் வழியும்போது உள்ளே காற்று தங்கியிருக்காது. மூடும்போது முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு கீழ் ஸ்க்ரூ.

உப்புத் தண்ணீரில் ஓடிய நாளில் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டிவிட்டே நிறுத்துங்கள்.