குரோமை ஒருதடவை மூடித் திறவுங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஐயா லெப்டொப் கொண்டுவந்தார். குரோமில் அறுபது டேப்புக்கு மேல் திறந்திருந்தது. "மூடினால் எல்லாம் போயிடும் தம்பி" என்று ஒரு மாதமாக மூடவே இல்லையாம். அதில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறார். மூடித் திறக்காவிட்டால் புதிய பாதுகாப்புத் திருத்தம் வேலைக்கு வராதே, எனக்குப் பகீரென்றது.

அவருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன். லொட்ஜ் முதலாளி பையனிடம், "7ஆம் அறையில் இருப்பவர் சொல்வதைச் செய்" என்கிறார். அந்த ஆள் அறையைக் காலி செய்துவிட்டார், பையனுக்குத் தெரியாது. வேறொருவன் அங்கே வந்து தங்கி, "லாச்சியைத் திற" என்றால் பையன் திறந்துவிடுவான். பிரவுசரும் தான் விட்டுவிட்ட நினைவக இடத்தை மறந்துபோய் மறுபடி தொடும்போது, அங்கே தாக்குபவர் வைத்த தரவு காத்திருக்கும். இதற்கு 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' என்று பெயர். குரோமின் கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70% நினைவகத் தவறுகள், அவற்றில் பாதி இந்த வகை என்று 2020இல் குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தை உருவாக்கும் குழுவே சொன்னது. 2022 பெப்ரவரியில் குரோமிலும், 2024 ஒக்டோபரில் ஃபயர்ஃபொக்ஸிலும் அனிமேஷன் பகுதியில் இதே தவறு அகப்பட்டது. திருத்தம் வருமுன்பே இரண்டையும் வைத்துத் தாக்கியிருந்தார்கள். எதையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை, பக்கத்தைத் திறந்தாலே போதும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'ஹெல்ப்', பிறகு 'அபௌட் கூகுள் குரோம்' போங்கள். அந்தப் பக்கம் திறந்ததும் புதிய பதிப்பை அதுவே தேடி இறக்கும். பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். 'ரீலோஞ்ச்' அழுத்தும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய, ஓட்டையுள்ள குரோம்தான். அழுத்தினால் டேப்கள் திரும்பி வரும். ஐயாவுடைய அறுபதும் வந்தன. இன்கொக்னிட்டோ (பார்த்ததைப் பதிந்து வைக்காத) ஜன்னல்கள் மட்டும் வராது. பாதி நிரப்பிய விண்ணப்பம் இருந்தால் முதலில் அனுப்பிவிடுங்கள்.

எட்ஜ், பிரேவ் பிரவுசர்கள் இருந்தால் அவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். உள்ளே இருப்பது அதே குரோமியம். அன்ட்ரொய்ட் போனில் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்யலாம். டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள், வைஃபை கிடைக்கும் இடத்தில் செய்யுங்கள்.

விண்டோஸ் 7 மெஷின் என்றால் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, புதிய திருத்தம் வராது. அதில் வங்கி வேலை வேண்டாம். கொண்டுவாருங்கள், விண்டோஸ் மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.