ஏழாம் பந்தியில் கிடந்த முகப்பு

ஆடிவேல் விழா பற்றிய விவரணக் கட்டுரையை, "கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் வேல் ரத பவனி" என்று செய்தி அறிக்கை போலவே நான் தொடங்கியிருந்தபடியால், ஆசிரியர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். மறுபடி வாசித்தபோதுதான், காலி வீதியோரம் அர்ச்சனைத் தட்டிலிருந்த கற்பூரக் கட்டி காற்றில் உருண்டு விழாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு ரதத்துக்காகக் காத்திருந்த மூதாட்டி, ஏழாம் பந்தியில் புதைந்து கிடந்தது தெரிந்தது. அவரையே முகப்புக்கு, அதாவது கட்டுரையின் தொடக்கத்துக்கு, கொண்டுவந்தேன். "பக்திப் பரவசத்துடன்" என்பதை வெட்டினேன். அந்தக் கையே போதுமாயிருந்தது. ஆனால், அழகாக எழுதுகிறோம் என்ற மயக்கத்தில் (எனக்கு அது பழைய வியாதி) காட்சியை நான்கு பந்திகளுக்கு இழுத்துவிட்டேன். ரதம் எங்கே போகிறது, இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்பதை மூன்றாம் பந்திக்குள் ஏற்றிய பிறகே கட்டுரை அச்சுக்குப் போனது.