நூல்கண்டுகளின் நிறம் படத்தில் வந்தது

தையல் பெட்டியைத் திறந்தாலே எனக்குக் கை கேமராவுக்குப் போய்விடும். மயில் கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு என்று வரிசையாக நிற்கும் கண்டுகளுக்கு ஈடான அழகு வீட்டில் வேறில்லை. ஆனால் எம்பிராய்டரிக்கான ரேயான் நூலைப் படமெடுத்தால் கண்டு நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழுந்து நிறத்தை விழுங்கிவிடும். சிவப்போ இழையே தெரியாமல் ஒரே திட்டாக வரும்.

முதலில் டியூப்லைட்டை அணைத்தேன். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவில் வைக்கும் எந்த ஒயிட் பேலன்ஸும் ஒத்துவராது. ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டியதும் அந்தக் கோடு அகன்று, மென்மையான பளபளப்பாக மாறியது. பளபளப்பு முழுதும் போகக் கூடாது. பட்டுப் போன்ற அந்த மினுக்கம்தானே ரேயானின் உயிர்!

சிவப்புக்கு மருந்து எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில் இருந்தது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாகச் சரியாகத் தெரிந்தாலும், அதில் சிவப்பு நிறத்துக்கான சேனல் மட்டும் வலது ஓரத்தில், அதாவது அதிக வெளிச்சப் பக்கத்தில் முட்டி நிற்கும். அதைத் தனியாகப் பார்த்து, ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்தேன். இழைகளின் முறுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

ஒளி பக்கவாட்டிலிருந்து வரட்டும், அப்போதுதான் முறுக்குக்கு நிழல் விழும். பருத்தி நூலுக்கு வேட்டி தேவைப்படவில்லை; அதன் சிறு பிசிறுகள் நேர் வெளிச்சத்தில்தான் அழகு.