டீசல் ஃபில்டர் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

பழைய டீசல் காரில் ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல்தான் பாதி நாள் போகும். என் பழைய இண்டிகாவில் முதன்முறை மாற்றியபோது பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தேன். தெருமுனை மெக்கானிக் வந்து ஐந்தே நிமிடத்தில் ஏர் எடுத்துவிட்டு, அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார்.

புது ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டுவது நல்ல பழக்கம். நான் நடு ஓட்டையில் ஊற்றினேன், அதுதான் பிசகு. திருகி மாட்டும் ஃபில்டர்களில் பெரும்பாலும் ஓரத்துச் சிறு துளைகள் வழியே டீசல் உள்ளே நுழைந்து, காகித மடிப்புகளைக் கடந்து, நடு ஓட்டை வழியே, டீசலை என்ஜினுக்கு அனுப்பும் பம்புக்குப் போகும். நடுவில் ஊற்றினால் கேனில் கிடக்கும் தூசி வடிகட்டப்படாமலே பம்பைச் சேரும். பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. அவற்றுக்கு மசகும் டீசல்தான். சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றப் போய்ப் பல ஆயிரத்துக்குப் பம்ப் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) செம்பு வாஷரையும் திரும்பப் போடுவது இன்னொரு சிக்கனம். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக உட்காராது. புது ரிங்கில் டீசல் தடவி, ஃபில்டரைக் கையாலேயே இறுக்குங்கள். ரிங் தொட்ட பின் முக்கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரிங் பிதுங்கிவிடும்.

ஏர் எடுப்பதற்கு வருவோம். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்பை அழுத்துங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாத டீசல் வரும்வரை விடாதீர்கள். கை பம்பை அழுத்திக்கொண்டே ஸ்குரூவை இறுக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். திருகிப் பூட்டும் வகைக் கை பம்ப் என்றால் வேலை முடிந்ததும் மறக்காமல் பூட்டுங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாசில்களில் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகள்) குழாயைப் பிடிக்கும் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் எட்டிப் பார்க்கும்வரை செல்ஃப் அடிக்கலாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் மோட்டார் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டும். காமன் ரயில் என்ஜினில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) அந்த நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கீழே துணியோ தட்டோ வைக்காமல் கழற்றாதீர்கள். சிந்தும் டீசலில் ஊறினால் டைமிங் பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் கெடும்.

ஒழுகவில்லை என்பதால் கசிவு இல்லை என்று நினைப்பதும் தவறு. ஃபில்டர் வழியாகப் பம்பே டீசலை உறிஞ்சும் வண்டிகளில், தளர்ந்த இணைப்பு வெளியே சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். மாலையில் நன்றாக ஓடிய வண்டி காலையில் முரண்டு பிடித்தால் முதலில் அங்கே பாருங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசலுக்குத் தாங்கும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால், ஓடும் குமிழி கண்ணுக்கே தெரியும்.