தண்ணீர் தினத்துக்கு ஓவியப் போட்டி வேண்டாம், குப்பி கொடுங்கள்

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 வந்தால் பள்ளிகளில் ஒரே சடங்குதான்: ஊர்வலம், கோஷம், குறள் எழுதிய சார்ட். முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், டம்ளரோடு விரலையும் குடத்துக்குள் விட்டுத் தண்ணீர் மொண்டு குடிப்பார்கள். பள்ளியின் பசுமைப் படையோ ஜே.ஆர்.சி.யோ (ஜூனியர் ரெட் கிராஸ்) உங்கள் பொறுப்பில் இருந்தால் இந்த வருடம் பிப்ரவரியிலேயே வேறு மாதிரி தொடங்கிப் பாருங்கள்.

முதல் செலவு எச்.டூ.எஸ். குப்பி. உள்ளே மருந்து போட்டு வரும் சின்னக் குப்பி இது, தண்ணீரில் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு இருந்தால் கறுத்துக் காட்டும். குவாலியரில் உள்ள ராணுவ ஆய்வுக்கூடத்துக்காரர்கள் 1982-இல் வெளியிட்ட முறை, ஆய்வகமே இல்லாத ஊருக்கென்றே பிறந்தது. எதைச் சோதிப்பது என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அடிபம்பு, பள்ளிக் குழாய், கேன் என்று அடுக்குவார்கள். ஆனால் ஒரே வீட்டின் குழாயில் ஒன்று, அந்த வீட்டுக் குடத்தில் ஒன்று என்று ஜோடியாக எடுக்க வையுங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. குழாயில் சரியாக வந்த தண்ணீர் குடத்தில் கெட்டுப்போயிருப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் கை கழுவச் சொல்லிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் குப்பியில் கோடு வரை தண்ணீர் பிடிக்க வேண்டும். பெயர் ஒட்டி பீரோ மேல் வைத்துவிடுங்கள், நம் ஊர் மார்ச் சூட்டுக்குத் தனியாக இன்குபேட்டர் எதற்கு? 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கறுத்த குப்பியைத் திறந்து மோந்து பார்க்க ஒரு பையன் கட்டாயம் வருவான், விடாதீர்கள். உள்ளே வளர்ந்து கிடப்பது கிருமி. கையுறை போட்டு நீங்களே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, ஒரு நாள் வைத்திருந்து கழிப்பறையில் கொட்டுங்கள்.

கறுக்காவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு இந்தக் குப்பியில் தெரியவே தெரியாது. டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான், கரைந்த உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் அந்த மீட்டரை நீட்டிப் பயமுறுத்துவது ஏன் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் வரும். நான் உதவப்போன ஒரு பள்ளியில் முதலில் கறுத்த குப்பி தலைமையாசிரியர் அறைக் கேன் தண்ணீருடையது! மீட்டரில் அதன் டி.டி.எஸ். ஐம்பதுகூட இல்லை.

உலகத் தண்ணீர் தினத்தில் ‘உலகம்’ எங்கே வருகிறது என்றால், இங்கேதான். 1854-இல் லண்டன் சோஹோவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவுகளை வீடு வீடாக வரைபடத்தில் குறித்து, பிராட் தெரு அடிபம்பைச் சுட்டிக்காட்டினார். அதேபோல் உங்கள் பிள்ளைகள் தெரு வரைபடம் போட்டு, குழாய், சாக்கடை, போன மாதம் வயிற்றுப்போக்கு வந்த இடம் எல்லாம் புள்ளி வைக்கட்டும். வீட்டுக்காரர் பெயர் மட்டும் வேண்டாம், ஊரில் சண்டை வந்துவிடும்.

இன்னொன்று, குட நடை. தண்ணீர் எடுக்கப் போய், வரிசையில் நின்று, திரும்பி வர 30 நிமிடத்துக்குள் முடிந்தால்தான் அது ‘அடிப்படை’ வசதி என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கு வைத்திருக்கின்றன. அரைக்குடம் தண்ணீரோடு மைதானத்தை அரை மணி நேரம் சுற்றச் சொல்லுங்கள், குறிப்பாகப் பையன்களை. உலகில் வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் பெண்கள்தான் சுமக்கிறார்கள் என்ற எண்ணை அவர்கள் இடுப்பு வலிக்கும்போது சொன்னால் போதும்.

அந்த வெயிலுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலையும் அப்படியே கலக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம்: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

தமிழ்நாட்டில் மார்ச் 22 கிராம சபை நாளும்கூட. கறுத்த குப்பிகளின் போட்டோ, தெரு வரைபடம், மேல்நிலைத் தொட்டியில் கடைசியாகக் கழுவியதாக எழுதியிருக்கும் தேதி, மூன்றையும் ஒரே தாளில் போட்டு மனுவாக்கிப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: தொட்டியைக் கழுவுங்கள், கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரலில் அதே குழாய்களில் மறுபடி குப்பி வைக்கக் கொஞ்சம் மீதம் வைத்திருங்கள்.