வழியில் ஒரு பெரிய பூச்சி எதிர்ப்பட்டால்

மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அத்தையைச் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படகிலிருந்து இறங்கிக் கால் மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டோம். கட்டைவிரல் பருமனில் கன்னங்கரேலென்று ஒன்று எங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு வட்டமிட்டது. “கதண்டுடா, கதண்டு!” என்று கத்தியபடி அத்தை முந்தானையைச் சுழற்றத் தொடங்கினார். வந்தது, கூட்டமாகக் கொட்டும் பெருங்குளவியான கதண்டு அன்று. பாதையோரம் ஊதா நிறத்தில் பூத்திருந்த செண்டுடோக் செடியைத் தேடி வந்த தச்சுத்தேனீ. வெயில் பட்டபோது அதன் இறக்கைகள் நீலமும் பச்சையுமாக மின்னின. இரண்டு மூன்று பூக்களை உலுக்கி மகரந்தம் சேர்த்துக்கொண்டு, எங்களைப் பொருட்படுத்தாமலேயே அது போய்விட்டது. ஆண் தச்சுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது; பெண்ணுக்கு உண்டு என்றாலும், கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது கொட்டுவது அரிது.

தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர் கதண்டுக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. அத்தை செய்த பிழை அஞ்சியதில் இல்லை, முந்தானையைச் சுழற்றியதில்தான் இருந்தது. வந்தது உண்மையிலேயே கதண்டாக இருந்து, அதன் கூடும் அருகில் இருந்திருந்தால், அந்த ஒரு வீச்சு மற்றவற்றையும் வரவழைத்திருக்கும். ஆகவே, பெரிய பூச்சி ஒன்றைக் கண்டதும் நம்மை அறியாமல் உயரும் கையைக் கீழே இறக்குவதே முதல் வேலை. அது எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, அது தனியாக வந்ததா, கூட்டத்தைச் சேர்ந்ததா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

தனியாக இருப்பவை பெரும்பாலும் தோற்றத்தால் மட்டுமே மிரட்டுபவை. அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கிக்கு எதிர்ச்சுவரில் ஒரு காலையில் விரித்த கை அகலத்தையும் மிஞ்சிய அட்லஸ் அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சிறகின் இரு நுனிகளும் பாம்பின் தலையைப் போலவே இருந்ததால், பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்கள். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்வரை சிறகு விரியும் இந்தப் பூச்சியால் கடிக்கவே இயலாது, ஏனெனில் வளர்ந்த பூச்சிக்கு உண்ணக்கூடிய வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து மடிகிறது. அதை விரட்டிப் பறக்கவைத்தால் அந்தச் சிறு சேமிப்பும் வீணாகும். எதிர்வீட்டுச் சீன மூதாட்டி, வீடு தேடி வரும் அந்துப்பூச்சி மறைந்துபோன முன்னோராக இருக்கலாம் என்று சொல்லி யாரையும் அதன் அருகே விடவில்லை. அவருடைய காரணம் வேறானாலும், செய்தது சரியானதே. காண்டாமிருக வண்டு, குச்சிப்பூச்சி, கும்பிடுபூச்சி ஆகியவற்றையும் அப்படியே விட்டுவிட்டு நடக்கலாம்.

கூட்டமாக வாழ்பவற்றை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். சிங்கப்பூரில் பரவலாகக் காணப்படும் கதண்டு ஒன்று உடல் கருத்து, வயிற்றின் முற்பகுதியில் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை அணிந்திருக்கும்; அதன் கூடு, பழுப்புக் காகிதத்தை வரிவரியாகச் சுற்றிச் செய்த பந்தைப் போல மரக்கிளையிலோ கட்டடத்தின் விளிம்பிலோ தொங்கும். மலைத்தேனீயின் கூடு வேறு விதமானது. மூடியில்லாத ஒற்றை அடை பெரிய கிளையின் அடியில் தொங்க, அதன் மேல் தேனீக்கள் போர்வைபோல அப்பியிருக்கும். அந்தப் போர்வையின் குறுக்கே அலை ஓடுவதுபோல ஒரு மினுமினுப்புத் தோன்றினால், அவை எச்சரிக்கையாகிவிட்டன என்று பொருள். படமெடுக்க நெருங்குவதற்கு அதைவிடப் பொருந்தாத நேரம் வேறில்லை. இவற்றில் எதைக் கண்டாலும், வந்த வழியே ஓசையின்றிப் பின்வாங்கி, எதிரே வருபவர்களிடமும் சொல்லிவிட்டு, பூங்காவாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்கும், குடியிருப்பாக இருந்தால் நகர மன்றத்துக்கும் தெரிவியுங்கள். கல் எறிவதும் புகை போடுவதும் நம் வேலை அன்று.

ஒரேயொரு கதண்டு உங்களைச் சுற்றி வந்தால், ஓடாமல், மெல்ல நடந்து விலகுங்கள். மெக்ரிச்சி காட்டில் 2004இல் திறக்கப்பட்ட 250 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் இது நேர்ந்தால் பின்வாங்கவும் முடியாது, அது ஒருவழிப்பாதை. பாலத்தைக் குலுக்காமல் முன்னோக்கியே நடக்க வேண்டியதுதான். ஆனால் கூட்டமாகக் கொட்டத் தொடங்கிவிட்டால் இந்த விதி அப்படியே தலைகீழாகிறது. அப்போது அசையாமல் நிற்பது ஆபத்து. சட்டையாலோ துண்டாலோ தலையையும் முகத்தையும் மூடி, வழி தெரியும் அளவுக்குக் கண்ணைத் திறந்துகொண்டு, கட்டடமோ வாகனமோ கிடைக்கும்வரை நிற்காமல் ஓடுங்கள். நீர்த்தேக்கத்தில் குதிக்காதீர்கள், நீங்கள் மூச்சுவிட மேலே வரும்வரை தேனீக்கள் காத்திருக்கும்.

தப்பியபின் கொட்டிய இடத்தைப் பாருங்கள். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நஞ்சுப்பையோடு தோலில் தங்கி, தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தாலோ அட்டையாலோ உடனே எடுத்துவிடுங்கள், எடுக்கும் விதத்தைவிட வேகமே முக்கியம். கதண்டின் கொடுக்கு பெரும்பாலும் தங்குவதில்லை, அதனால் ஒன்றே பலமுறை கொட்டும். மோதிரத்தையும் வளையலையும் வீங்குவதற்குள் கழற்றி, சோப்பிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். ஊர்ப் பழக்கத்தில் சுண்ணாம்பு தடவச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அது தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம், உடலெங்கும் தடிப்பு, வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திராமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழையுங்கள். காட்டுப்பாதையில் இருந்தால் அருகிலுள்ள பலகையில் உள்ள இடப்பெயரைச் சொல்வது உதவியாக இருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் அதையே முதலில் போடுங்கள். பல இடங்களில் கொட்டுப்பட்டவர், குறிப்பாகக் குழந்தையும் முதியவரும், நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விரைவுச்சாலையில் காருக்குள் ஒன்று புகுந்துவிட்டால், பூச்சியைவிட உங்கள் பதற்றமே விபத்தை உண்டாக்கும். கண் சாலையிலேயே இருக்கட்டும். சன்னலைத் திறந்துவிட்டு, பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடம் வந்ததும் ஒதுங்கிக் கதவுகளைத் திறந்தால் அது தானாக வெளியேறும். விடுதி அறையில் என்றால் உள்விளக்கை அணைத்து, வெளிச்சமுள்ள பக்கத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். சுவரில் அமர்ந்திருந்தால் அகலமான குவளையால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே கொண்டுவிடலாம். உபினில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் காலையில் காலணியைத் தலைகீழாகத் தட்டிய பிறகே அணிய வேண்டும். பூரான் பூச்சி இனமே அன்று என்றாலும், கடித்தால் வலிக்கும் வலிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அடுத்த வாரம் மீண்டும் உபினுக்குப் போனபோது வெளிர்நிறச் சேலை கட்டச் சொன்னேன், அத்தை கட்டினார். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை மட்டும் படகுத்துறையில்தான் கழற்றவைக்க முடிந்தது. பானத்துக்கு, திறந்தால் மூட முடியாத டின்னுக்குப் பதிலாக மூடியுள்ள புட்டியே வாங்கினோம். இனிப்பைத் தேடி உள்ளே இறங்கும் குளவி, குடிப்பவரின் நாக்கிலோ தொண்டையிலோ கொட்டினால் வீக்கம் மூச்சையே அடைத்துவிடும்.